கடைமடை வரை: டெல்டாவில் ஒரு பிள்ளைக்காக அலுவலகங்களைச் சேர்த்து வேலை வாங்குவது எப்படி

மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. பள்ளிக்கூடமும் அதை ஒட்டித்தான் திறக்கும். கல்லணையைத் தாண்டிய தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று அப்பாக்கள் வாய்க்கால் கரையில் பேசிக்கொண்டிருக்கும் நாட்களில், நான் வருகைப் பதிவேட்டில் வராத பெயர்களை எண்ணிக்கொண்டிருப்பேன். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் முப்பது வருஷம் இதுதான் வழக்கம்.

ஒரு வருஷம் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் வரவே இல்லை. மாமா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றார்கள். நர்சம்மாவுக்கு அவன் அம்மா காசநோய் மாத்திரை சாப்பிடுவது தெரியும். சத்துணவு அக்காவுக்கு, பையன் முட்டையைத் தின்னாமல் தங்கைக்கு எடுத்துப் போவது தெரியும். தலையாரிக்கு அவன் அப்பா யாரிடமோ முன்பணம் வாங்கியது தெரியும். எனக்கு அவன் வராதது தெரியும். நான்கு பேரும் ஒரே டீக்கடையில் டீ குடிப்பவர்கள். பையன் ஆட்டுக்கிடையில், அதாவது எருவுக்காக வயலில் மந்தையை அடைத்து வைக்கும் இடத்தில், இருக்கிறான் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு நாற்பது நாள் ஆனது.

சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் மதகை மட்டும் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். யாராவது வரப்போடு நடந்து வந்து தண்ணீர் வயலுக்குள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த யாராவது அரசு ஊழியராக இருப்பதில்லை. பெரியம்மாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, சுயஉதவிக் குழுத் தலைவியோதான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், யார் கையில் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நடுவில் இருப்பது குழந்தைகள் நலக் குழு. மாவட்டத்துக்கு ஒன்று, ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு மாஜிஸ்திரேட் அமர்வுக்குரிய அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளை எங்கே, யாரோடு இருக்க வேண்டும் என்று உத்தரவிடுவது இந்தக் குழுதான். போலீசோ, பஞ்சாயத்தோ, விடுதிக் காப்பாளரோ அதை முடிவு செய்ய முடியாது.

அந்த உத்தரவுக்குக் கை கால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. வீட்டுக்கு வந்து விசாரிக்கும் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர், சட்ட அலுவலர் எல்லோரும் இங்கே இருப்பார்கள். குழந்தைத் திருமணம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர். கொத்தடிமை என்றால் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எஸ்.ஐ. நிலைக்குக் குறையாதவர். உங்கள் ஸ்டேஷனில் அவர் யார் என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் கேட்டால் யாருக்கும் தெரியாது.

பிள்ளையின் மீதே குற்றச்சாட்டு என்றால் வழி வேறு. அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான வாசலில் அரை நாள் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்க் குழுவை எழுப்புங்கள்

ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமையில் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், ஊர்க்காரர்கள், இரண்டு குழந்தைகள் என்று ஆள் சேர்த்திருப்பார்கள். பல ஊரில் அது ஒரு மினிட் நோட்டாக மட்டும் இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்காமலே பிள்ளைகள் பெயரில் கையெழுத்து இருக்கும்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியா எப்ப கூடுச்சு?" ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலம் என்றால் அதே கேள்வியை ஒன்றிய அலுவலகத்தில், பி.டி.ஓ.விடம்.

குழு கூடும்போது பேச்சு வேண்டாம், நான்கு நோட்டுகளை ஒரு மேஜையில் விரித்து வையுங்கள். பள்ளி வருகைப் பதிவேடு, அங்கன்வாடி எடைப் பதிவேடு, நர்சம்மாவின் கர்ப்பிணிப் பதிவு, ஊரில் இல்லாத பெற்றோர் பட்டியல். நான்காவது நோட்டு எந்த அரசாங்கத்திலும் இல்லை, நாமாகத்தான் எழுத வேண்டும். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வளைகுடாவுக்கும் போன அப்பா அம்மா யார், பாட்டியிடம் இருக்கும் பிள்ளை யார், பாட்டிக்குக் கண் தெரியுமா. நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு நோட்டில் வரும் பெயர் ஒன்றிரண்டு தென்படும். அங்கேதான் முதலில் போக வேண்டும்.

1098-ஐக் கூப்பிடுவது

ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான உதவி எண் இது. 1996-இல் மும்பையில் தொடங்கியது. 2023 முதல் அரசே நடத்துகிறது. 112 அவசர எண்ணோடும் இணைத்திருக்கிறார்கள். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசில்லை. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சொல்லும் விதம் முக்கியம். "ஒரு பையன் கஷ்டப்படுறான் சார்" என்றால் அலைச்சல்தான் மிச்சம். எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம், பிள்ளைக்குச் சுமார் என்ன வயது, இப்போது யாரோடு இருக்கிறான், இன்று இரவு ஆபத்து உண்டா, இந்த ஆறையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். நம் பக்கம் ஒரே பெயரில் மூன்று ஊர் இருக்கும், ஒன்றியத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வைத்த பிறகு நேரத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தனியாகத் திரியும் பிள்ளையைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வது இரக்கம் போலத் தெரியும், சட்டப்படி தப்பு. 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும். அந்தக் கூட்டத்திலும் நாகூர் கந்தூரியிலும் மயிலாடுதுறை ஜங்ஷனிலும் கைவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். ரயில் நிலையத்தில் என்றால் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் ஒப்படைத்தாலும் போதும்.

அந்த 24 மணி நேரம்

பிள்ளை கிடைத்த நேரத்திலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழு கூடாத நாள் என்றால் தனி உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம். அவர் அன்றைக்குத் தங்குமிடம் உத்தரவிடுவார். அடுத்த 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை தயாராக வேண்டும். அதாவது உங்கள் வீட்டுக்கு ஆள் வருவார்கள்.

பெற்றோர்கள் பயப்படுவது இந்த இடத்தில்தான். "புள்ளைய ஹோமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க." சட்டம் சொல்வது நேர் எதிர். குடும்பம்தான் முதலிடம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி. விசாரிக்க வருகிறவரிடம் வறுமையை மறைக்காதீர்கள். அடுப்பு எரியாததை மறைத்தால் உதவித் திட்டத்துக்கு உங்கள் பெயர் எழுதவே முடியாது. தாத்தா பாட்டி, சித்தி சித்தப்பா யார் பார்த்துக்கொள்ள முடியும் என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

குழு முன் போகும்போது வக்கீல் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் சட்ட உதவி எண் 15100-இல் கூப்பிடலாம். குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

கிடையில் பிள்ளை இருந்தால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மண்ணின் சிக்கல்.

சம்பா அறுப்பு முடிந்த தை, மாசியில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகள் டெல்டாவுக்கு வரும். வயலில் இரவு கிடை போட்டால் எரு. நிலக்காரர் கீதாரிக்கு, அதாவது மந்தையை நடத்தி வருகிறவருக்கு, காசோ நெல்லோ கொடுப்பார். இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை கிடை மாறும். மந்தையை ஓட்டக் கால் வலுத்த பையன் வேண்டும். எல்லாக் கீதாரியும் பிள்ளைகளை வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொள்கிறவர்கள் வீட்டில் முன்பணம் கொடுத்துவிட்டு அழைத்துப் போகிறார்கள். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்து தென்னையும் கூரையும் போன பிறகு, கடனுக்குப் பிள்ளையைக் கிடைக்கு அனுப்பிய செய்திகள் வந்தது பலருக்கு நினைவிருக்கும்.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பையன் இன்று திருவாரூர் மாவட்ட வயலில், அடுத்த வாரம் மயிலாடுதுறையில். தண்ணீர் வந்துவிட்டால் மந்தையோடு தெற்கே போய்விடுவான். ஒரு மாவட்ட அலுவலர் கிளம்பி வருவதற்குள் கிடை எல்லை தாண்டியிருக்கும். 1991 வரை இது முழுக்க ஒரே தஞ்சாவூர் மாவட்டம். அப்புறம் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை. நடுவில் காரைக்கால் புதுச்சேரி நிர்வாகம். ஆட்டுக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது.

ஆகவே செய்ய வேண்டியது: பையன் இப்போது எங்கே இருக்கிறானோ அந்த மாவட்டத்துக்கு 1098 வழியே தகவல். கிடை போட்டிருக்கும் வயலின் நிலக்காரர் யார் என்று கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நாளில் கோட்டாட்சியருக்கு எழுத்து மூலம் மனு. முன்பணம் வாங்கி வேலைக்கு வைத்திருந்தால் அது வெறும் குழந்தைத் தொழிலாளர் வழக்கில்லை, 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் பாயும். கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாளை விடாதீர்கள். அது கையில் வந்தால் கடன் அழிந்தது என்று அர்த்தம். அதைத் திரும்ப வாங்குவதே குற்றம். உடனடி நிவாரணமாக 30,000 ரூபாய் வரையிலும், பிறகு மறுவாழ்வுத் தொகையும் இந்தச் சான்றிதழை வைத்துத்தான் வரும். "பையன் வந்துட்டான்ல, விடுங்க" என்று வழக்கை வெறும் மீட்பாக முடித்துவிடும் சந்தர்ப்பம் நிறைய. நாங்கள் மீட்ட பையனுக்கும் முதலில் அப்படித்தான் ஆனது. அப்பா கடனை அடைக்க அடுத்த மாதம் தம்பியை அனுப்பப் பார்த்தார்.

14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது, 18 வரை ஆபத்தான வேலை கூடாது என்பதும், 2016 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்கு வைத்தவருக்கு 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் என்பதும் கீதாரிக்கும் செங்கல் சூளைக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் ஒன்றுபோலத்தான்.

கல்யாணத்தை நிறுத்தும்போது

2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். குறைந்தபட்ச வயது பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. நடத்தி வைத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பெண்கள் உதவி எண் 181 அல்லது 1098-க்குச் சொன்னால் சமூக நலத் துறை ஆட்கள் போலீசோடு வருவார்கள். மண்டபத்து வாசலில் அழுகை, கூச்சல், கடைசியில் பெற்றோரிடம் "18 முடியும்வரை செய்ய மாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்தக் காகிதத்தை நம்பினால் மூன்றாவது வாரம் வேறு ஊர்க் குலதெய்வக் கோயிலில் தாலி ஏறியிருக்கும். எழுதி வாங்குவது முதல் படிதான். அன்றே பெண்ணைக் குழந்தைகள் நலக் குழு முன் அழைத்துப் போக வேண்டும். அவளிடம் தனியாகக் கேட்பார்கள். மாஜிஸ்திரேட்டிடம் தடை உத்தரவு வாங்கலாம். தடையை மீறி நடந்த கல்யாணம் செல்லவே செல்லாது.

அப்புறம் ஒருவரும் பேசாத விஷயம்: மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுத்த அட்வான்ஸ். பல வீட்டில் கல்யாணத்தைத் திருட்டுத்தனமாக நடத்துவது வீம்பால் இல்லை, வட்டிக்கு வாங்கிய அந்தப் பணத்துக்காக. மண்டபக்காரருக்கும் சட்டச் சிக்கல் உண்டு என்று எடுத்துச் சொல்லி, அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக் கொடுக்கும் வேலையை ஊர்க் குழு எடுத்துக்கொண்டால், அந்த வீட்டார் பிறகு நம் பேச்சைக் கேட்பார்கள். நான் இரண்டு இடத்தில் இதைப் பார்த்தேன். ஓரிடத்தில் முழுத் தொகை வந்தது, இன்னோரிடத்தில் பாதி.

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில்தான் மூவலூர். அந்த ஊர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி கொடுத்துவந்தார்கள். 2022-இல் அதையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். புதுமைப் பெண் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்தை நிறுத்திய வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். புத்திமதியை விட இது எடுபடும்.

உடம்பில் கை வைத்தது தெரியவந்தால்

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கும் விஷயமில்லை இது, எவ்வளவு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தாலும்.

பிள்ளை சொன்னதை ஒரு தடவை கேளுங்கள். அது சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். மறுபடி மறுபடி கேட்காதீர்கள். அத்தை, பெரியப்பா, டீச்சர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் குடைவதுதான் இரண்டாவது காயம். துணியைத் துவைக்க வேண்டாம். வாக்குமூலம் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடியவரை பெண் எஸ்.ஐ., சீருடை இல்லாமல். இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டுவந்தால்தான் சிகிச்சை என்று ஆஸ்பத்திரி சொல்ல முடியாது.

போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: வழக்கு முடியும்வரை கூடவே வர ஓர் ஆதரவு நபர்; போக்குவரத்து, சாப்பாட்டுக்கு உடனடிச் சிறப்பு உதவி. இரண்டும் 2020 போக்சோ விதிகளில் இருக்கின்றன. கேட்காமல் கிடைத்து நான் பார்த்ததில்லை. ஊர், பள்ளி, படம், பெயர் எதுவும் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது. நல்ல எண்ணத்தோடு பகிர்ந்தாலும் குற்றம்தான்.

18 நிரம்பாத பெண் கர்ப்பப் பதிவுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரும்போதும் தகவல் போலீசுக்குப் போகும். இதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே வராமல் இருந்து உயிருக்கு ஆபத்தாவதும் நடக்கிறது. சட்டம் தன் வழியில் போகட்டும். நர்சம்மாவும் அங்கன்வாடி டீச்சரும் அந்தப் பெண்ணைப் பரிசோதனைக்கு அழைத்துவருவதை எக்காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது என்பது என் கட்சி.

பெற்றோரைத் தாங்குவது

பையன் திரும்பி வந்த வீட்டில் அரிசி இல்லாவிட்டால் அவன் மறுபடி போவான். இதற்கென்று உள்ள பணத்தைச் சொல்கிறேன்.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்ட நிதி ஆதரவு: பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் இருவரும் இல்லாமல் சொந்தக்காரரிடம் வளர்பவர்கள், பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தமிழக அரசின் அன்புக்கரங்கள் 2025 செப்டம்பரில் தொடங்கியது: பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ளவர்களுக்கும் 18 வயது வரை மாதம் 2,000. இரண்டுக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

ஆதார், குடும்ப அட்டை, இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம். இவற்றில் வருமானச் சான்றுதான் இழுக்கும். இ-சேவை மையத்தில் முதலில் அதற்கு எழுதிப் போட்டுவிட்டு மற்றதைத் தேடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் மனு திரும்பும்.

பணம் மட்டும் போதாத வீடுகளும் உண்டு. குடிக்கும் அப்பா என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு, அல்லது 14416-இல் மனநல ஆலோசனை. பேச்சு வராத, நடக்க முடியாத பிள்ளை என்றால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையமும் வட்டார வளமையத்துச் சிறப்பு ஆசிரியரும்.

பிள்ளையைத் தங்க வைத்துப் படிக்க வைக்க ஆதிதிராவிடர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதிகள் இருக்கின்றன; 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். யாரோ நடத்தும் "காப்பகம்" என்றால் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு எண் கேளுங்கள். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். 2004-இல் கும்பகோணத்தில் ஜூலை 16 அன்று தீயில் 94 பிள்ளைகளைக் கொடுத்தோம்; டிசம்பர் 26 கடல் வந்தபோது நாகையில் பிள்ளைகள் ஒரே காலையில் அநாதையானார்கள். கட்டடத்தையும் காகிதத்தையும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, கூச்சம் வேண்டாம்.

விடாமல் துரத்துவது

வாய்மொழியாகச் சொன்ன எதுவும் அலுவலகத்தில் நடந்ததாகக் கணக்கில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் அசையாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம். ஒரே மனுவில் எல்லாத் துறையையும் எழுதுவதில்தான் சூட்சுமம். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர் செய்யட்டும் என்று காத்திருப்பார்கள்.

நாங்கள் அந்தப் பையனுக்காக எழுதிய மனு ஏறக்குறைய இப்படி இருந்தது. மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

"பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள். நகல்: குழந்தைகள் நலக் குழு, கோட்டாட்சியர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். ஐயா, எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவன் முன்பணத்துக்காக ஆட்டுக்கிடையில் வைக்கப்பட்டு, குறிப்பிட்ட தேதியில் மீட்கப்பட்டான். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் வழங்கவும், குழந்தைகள் நலக் குழு நிதி ஆதரவுக்குப் பரிந்துரைக்கவும், தாயின் காசநோய்ச் சிகிச்சை தொடர்வதைச் சுகாதாரத் துறை உறுதிசெய்யவும், பள்ளியில் மறுசேர்க்கை செய்யவும், இந்நான்கையும் ஒருங்கிணைக்க ஓர் அலுவலரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்கவும் வேண்டுகிறோம்."

இதில் கடைசி வரிதான் வேலை செய்தது. இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு, எந்தக் கடைசிப் பேருந்தானாலும் பிடித்து ஊர் திரும்புங்கள்.